சிகாகோ குளிர்ல பெட்டில வந்த கோரல்: மூணு ஆர்டர், என் அனுபவம்

போன வருஷம் ஜனவரில இருந்து இந்த பிப்ரவரிக்குள்ள மூணு தடவை ஆன்லைன்ல உயிர் கோரல், அதாவது உயிருள்ள பவளம், வாங்கிருக்கேன், மூணும் வேற வேற இடம். முதல் பெட்டில வந்தது அத்தனையும் செத்துப் போச்சு, ரெண்டாவதுல பாதி பிழைச்சுது, மூணாவது பெட்டில பதினோரு ஃப்ராக் (பெரிய கோரல்ல இருந்து வெட்டி எடுத்த சின்னத் துண்டு) வந்துச்சு, பதினொண்ணும் இன்னைக்கு வரைக்கும் என் உப்புத்தண்ணி டேங்க்ல நல்லா இருக்கு. கடை பேரு எதையும் இங்க போடல. திட்ட வேண்டிய கடைக்கு மட்டும் இல்ல, நல்லா அனுப்புன கடைக்கும் போடல. ஏன்னா ஒரே கடையில பேக் பண்ற ஆள் மாறுனா பெட்டியும் மாறிடும், அதனால நான் இங்க ரிவியூ பண்றது அந்தப் பெட்டிங்களைத்தான், உள்ள என்ன இருந்துச்சு எப்டி வச்சிருந்தாங்க எது ஏன் செத்துச்சு எது ஏன் பிழைச்சுதுன்னு. இதைப் படிச்சிட்டு நீங்க வாங்கப் போற கடைக்கு போன் போட்டு நாலு கேள்வி கேட்டீங்கன்னா அதுவே எனக்குப் போதும்.

நாங்க இருக்குறது சிகாகோ பக்கத்துல நேப்பர்வில். டேங்க் 75 காலன், மூணு வருஷமா ஓடுது. இங்க கடை இல்லாம இல்ல, ஆனா நான் தேடுற டார்ச், ஹேமர், அக்ரோங்கிற கோரல் வகையெல்லாம் நல்ல கலர்ல பண்ணையில வளத்து விக்குறவங்க நிறைய பேரு ஃப்ளோரிடா பக்கம் இருக்காங்க, அதனால தபால்தான் வழி. கடல்ல இருந்து புதுசா பிடுங்கினதை வாங்கக் கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன், பண்ணையில வளந்த ஃப்ராக் மட்டும்தான். அது டேங்க் வாழ்க்கைக்குப் பழகியிருக்கும், பெட்டிக்குள்ள ஒரு ராத்திரியைத் தாங்குறதுலயும் அதுக்கு ஒரு கை கூடுதல்தான்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, கோரல் ஒரு மிருகம். அதோட சதைக்குள்ள ஸோவாசாந்தெல்லான்னு ஒரு பாசி குடியிருக்கு, வெளிச்சம் இருந்தா அந்தப் பாசி சர்க்கரையும் ஆக்ஸிஜனும் செஞ்சு கோரலுக்குக் குடுக்கும். பெட்டியை மூடுன நிமிஷத்துல இருந்து அது நின்னு போயிடுது, இருட்டுல பாசியும் சேந்துதான் ஆக்ஸிஜனை இழுக்குது. அப்ப அந்தப் பையில இருக்குற கொஞ்சூண்டு தண்ணியும் மேல இருக்குற காத்தும்தான் அடுத்த 18, 20 மணி நேரத்துக்கு அதோட உலகம். இதை யோசிச்சுப் பேக் பண்றவங்க பெட்டியைத் திறந்தாலே தெரியும், யோசிக்காதவங்க பெட்டியும் தெரியும்.

முதல் பெட்டி. ஜனவரி, வெளிய மைனஸ் 12 டிகிரி சென்டிகிரேட். நான் புதுசு, அதனால வெப்சைட்ல நீல லைட்டுக்குக் கீழ எடுத்த போட்டோவைப் பாத்து மயங்கிட்டேன், ஷிப்பிங் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பெட்டி வந்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு, காலைல இருந்து டெலிவரி வண்டியிலயே சுத்திருக்கு. தூக்கும்போதே அடி அட்டை ஈரமா இருந்துச்சு, அப்பவே வயித்துல புளியைக் கரைச்சுது. திறந்தா உள்ள தெர்மாகோல் பெட்டியே இல்ல, அட்டைப்பெட்டிக்குள்ள அரை இஞ்சுக்கும் மெலிசா நாலு தெர்மாகோல் தகடு செருகி வச்சிருந்தாங்க, மூலைக்கு மூலை இடைவெளி. ஹேமர் கோரலை ஒத்தப் பையில போட்டிருந்தாங்க. ஹேமர், டார்ச், ஃப்ராக்ஸ்பான் இதுக்கெல்லாம் அடியில இருக்குற எலும்புக்கூட்டோட விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், வண்டி குலுங்கக் குலுங்க அது பையைக் குத்திருச்சு. தண்ணி ஒழுகி நியூஸ்பேப்பர் எல்லாம் நனைஞ்சு, அந்த ஈரம் சூட்டுக்கு வச்சிருந்த ஹீட் பேக்ல ஏறி அது செத்துப் போச்சு, தொட்டா கல்லு மாதிரி ஜில்லுன்னு கட்டியா இருந்துச்சு. ஒரு பை ஓட்டை, அதனால சூடு போச்சு, அதனால மத்த அஞ்சு பையும் போச்சு. இத்தனைக்கும் அந்த ஹீட் பேக் நனையுறதுக்கு முன்னாடி டார்ச் பையோட ஒட்டியே இருந்திருக்கு, டார்ச்சோட ஒரு பக்கத்துச் சதை மட்டும் வெந்து பழுப்பாகி உரிஞ்சு தொங்குச்சு. ஒரே பெட்டிக்குள்ள ஒண்ணு வெந்தும் ஒண்ணு விறைச்சும் செத்திருக்கு.

என் பையனுக்கு அப்ப எட்டு வயசு, பக்கத்துல நின்னு "அம்மா, இது மூச்சு விடுதா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான் ஒண்ணும் சொல்லல.

கடைக்காரங்க சண்டை போடல, அதையும் சொல்லணும். உயிரோட வரும்னு கேரன்டி குடுத்திருந்தாங்க, பையைத் திறக்காம ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டோ அனுப்பணும்னு கண்டிஷன், அனுப்புனேன், கோரல் காசுக்கு கிரெடிட் குடுத்தாங்க, ஷிப்பிங் காசு தரல. அந்த கிரெடிட்டை நான் இன்னும் தொடல. கேரன்டின்னு போட்டிருக்கே அப்புறம் என்னன்னு நினைக்கிறவங்களுக்குச் சொல்றேன், கேரன்டி உங்க பர்ஸைத்தான் காப்பாத்தும், கோரலைக் காப்பாத்தாது. ஆறு உயிர் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிக்குள்ள என்ன பாடு பட்டிருக்கும்னு நினைச்சு அன்னைக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல.

ரெண்டாவது பெட்டி ஆகஸ்ட்ல, இன்னொரு மாநிலத்துல வீட்டுலயே வளத்து விக்குற ஒரு தனி ஆள்கிட்ட. அவர் பேக்கிங் மோசம்னு சொல்ல மாட்டேன், ரெட்டைப் பை போட்டிருந்தாரு, ஜெல் கூல் பேக்கைப் பேப்பர்ல சுத்தி ஓரமா வச்சிருந்தாரு, எல்லாம் சரி, ஆனா வியாழக்கிழமை அனுப்பிட்டாரு. வெள்ளிக்கிழமை வரவேண்டிய பெட்டி தவறிப் போய் திங்கக்கிழமைதான் வந்துச்சு. உயிருள்ளதை அனுப்புறவங்க திங்கள், செவ்வாய், புதன் தவிர வேற நாள்ல அனுப்பவே கூடாது, ஒரு நாள் தவறுனாலும் மறுநாள் கைக்கு வரணும், இது எழுதாத சட்டம். நாலு நாள் இருட்டுல இருந்துட்டு எது பிழைச்சுது தெரியுமா, ஸோவாஸும் மஷ்ரூமும். ரெண்டும் எலும்பில்லாத மென்மையான கோரல் வகை, ஆனா கெட்டி உயிரு. ஸெனியாங்கிற இன்னொரு மென்மையான கோரல் கூழாப் போயிருந்துச்சு, பையை அவுத்ததும் வந்த நாத்தம் அடுப்படி வரைக்கும் அடிச்சுது. அக்ரோ ரெண்டும் வெறும் வெள்ளை எலும்பு, தண்ணி பால் மாதிரி. அக்ரோ பயந்துச்சுன்னா கோழை விடும், அந்தக் கோழை அழுகித் தண்ணியைக் கெடுக்கும், கெட்ட தண்ணில இன்னும் கோழை விடும். அதனாலதான் அக்ரோவுக்குக் கொஞ்சம் அதிகத் தண்ணி குடுக்கணும்ங்கிறாங்க. ஸோவாஸுக்கு அது மூழ்குற அளவு தண்ணி போதும், மேல காத்து நிறைய இருந்தா சரி.

அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒண்ணும் வாங்கல. இங்க நம்ம ஆளுங்கள்ல பதினஞ்சு வருஷமா டேங்க் வச்சிருக்குற ஒரு அண்ணன் இருக்காரு, நாகர்கோவில்காரர், அவர்கிட்ட போய்ப் புலம்புனேன். அவர் பொறுமையா எல்லாம் கேட்டுட்டு, "போட்டோவை விடும்மா, அவன் எந்த மாதிரிப் பெட்டில போடுறான், எந்தக் கிழமை அனுப்புறான், உன் ஊர்ல குளிரு இவ்வளவுன்னா நிறுத்தி வைப்பானா, இதைக் கேளு. பதில் தடுமாறுனா போனை வச்சிரு"ன்னாரு. அப்டிக் கேட்டுக் கேட்டு நாலாவதா போன் பண்ணுன இடம்தான் இந்த ஃப்ளோரிடா பண்ணை. போனை எடுத்தவங்க பேக்கிங் செக்ஷன்லயே வேலை பாக்குறவங்க. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு, என்கிட்ட திருப்பி அவங்க கேட்டாங்க, உங்க டேங்க் உப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, பெட்டி வர்ற அன்னைக்கு வீட்டுல ஆள் இருக்குமான்னு. அங்கயே பாதி நம்பிக்கை வந்துருச்சு.

ஆர்டர் போட்டது பிப்ரவரி முதல் வாரம். திங்கக்கிழமை அனுப்புறதா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன், உங்க ஊர்ல செவ்வாய் காலைல மைனஸ் 18 காட்டுது, நாங்க அனுப்பல, அடுத்த வாரம் பாக்கலாம்னு. காசு வாங்கியாச்சு, அனுப்பிட்டு கேரன்டில பாத்துக்கலாம்னு விட்டிருக்கலாம், அவங்க விடல. அடுத்த செவ்வாய் அனுப்பினாங்க. வீட்டுக்கு டெலிவரி வேண்டாம், கூரியர் ஆபீஸ்லயே வச்சிருக்கச் சொல்லிடறோம், நீங்க காலைல போய் எடுத்துக்கோங்கன்னு அவங்களே சொன்னாங்க. இது ரொம்ப முக்கியம். ராத்திரி ஃப்ளைட்ல வர்ற பார்சல் எல்லாம் பெரும்பாலும் ஒரு பெரிய மையத்துக்குப் போய்ப் பிரிஞ்சுதான் வரும், ஃபெட்எக்ஸ்னா மெம்ஃபிஸ், யூபிஎஸ்னா லூயிவில். அங்க இருந்து நம்ம ஊர் வர்ற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா கடைசில டெலிவரி வண்டியில நாலஞ்சு மணி நேரம் குளிர்ல சுத்துறதை நாம தடுக்க முடியும். காலைல ஒம்பது மணிக்கு நான் காரை முன்னாடியே சூடு பண்ணி வச்சிட்டுப் போய் எடுத்தேன், பெட்டியைப் பின் சீட்ல வச்சு பெல்ட் போட்டேன்.

இப்ப பெட்டிக்கு வரேன். வெளிய கெட்டி அட்டை, உள்ள ஒரே வார்ப்பா ஒன்றரை இஞ்சு தடிமன் தெர்மாகோல் பெட்டி, மூடி இறுக்கமா உக்காந்திருந்துச்சு. மூடியில பென்சில் தடிமன்ல ரெண்டு ஓட்டை. மூடிக்கு உள்பக்கம் ரெண்டு ஹீட் பேக், நாலு ஓரம் மட்டும் டேப் போட்டு ஒட்டி, முகம் முழுக்க மூடாம விட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ நியூஸ்பேப்பர் நாலு மடிப்பு, அதுக்குக் கீழ பெரிய பிளாஸ்டிக் உறை ஒண்ணு பெட்டி முழுக்க விரிச்சு முறுக்கிக் கட்டியிருந்துச்சு, எந்தப் பை ஒழுகுனாலும் தண்ணி அந்த உறையைத் தாண்டாது. முதல் பெட்டில எது எதைக் கொன்னுச்சோ அது ஒவ்வொண்ணுக்கும் இங்க ஒரு தடுப்பு இருந்துச்சு. உறையைப் பிரிச்சதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பை மேல காட்டுனேன், 22 டிகிரி. என் டேங்க் 25. கோரலுக்கு இந்தப் பயணத்துல கொஞ்சம் ஜில்லுன்னு இருக்குறது நல்லது, மூச்சு இழுக்குறது குறையும், ஆக்ஸிஜன் நீடிக்கும். 30ஐத் தாண்டுனாத்தான் ஆபத்து சீக்கிரம் வரும்.

ஸோவாஸ், மஷ்ரூம் எல்லாம் சின்ன மூடி போட்ட டப்பால, ப்ளக்கை (ஃப்ராக் ஒட்டியிருக்குற சின்ன அடிக்கட்டையை) டப்பா அடியில அசையாம மாட்டி, டப்பாவை இன்னொரு பையில போட்டு வந்துச்சு. டார்ச்சை அனுப்புறதுக்கு முன்னாடி நல்லா ஆட்டிச் சுருங்க வச்சிட்டுத்தான் பையில போட்டிருக்காங்க. அது உப்பி விரிஞ்சிருக்கும்போது பையில போட்டா சதை அதோட சொந்த எலும்பு விளிம்புலயே உரசிக் கிழிஞ்சிடும், கிழிஞ்ச இடத்துல பிரவுன் ஜெல்லின்னு ஒரு அழுகல் நோய் புடிச்சா ரெண்டு மூணு நாள்ல தலையே போயிடும். பைக்கு மூலையே இல்ல, அடி தட்டையா உக்காருற பை, மூலை இருந்தா ஃப்ராக் அதுல போய் நசுங்கி மாட்டிக்கும். ஒரு பையைத் தலைகீழாக் கவுத்து இன்னொரு பைக்குள்ள, நடுவுல பேப்பர் ஒரு சுத்து, ரப்பர் பேண்ட் ஒவ்வொரு பைக்கும் தனித்தனி. மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து.

அக்ரோ பையைத்தான் நான் ரொம்ப நேரம் கையில வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். வட்டமா வெட்டுன ஒரு தெர்மாகோல் துண்டு, நடுவுல ஒரு ஓட்டை, அந்த ஓட்டைல ப்ளக்கைத் தலைகீழாச் செருகி ரப்பர் பேண்ட் போட்டிருக்கு. தெர்மாகோல் தண்ணி மேல மிதக்குது, அக்ரோ அதுல இருந்து கீழ்நோக்கித் தொங்குது, பையை எப்டிச் சாய்ச்சாலும் மிதவை சமமா நின்னுக்கிட்டு, கிளை நுனி பையோட எந்தப் பக்கத்துலயும் தொடல. நுனிங்கிறது அக்ரோவுக்கு வளர்ற இடம், ரெண்டு மில்லிமீட்டர் வெளிர் நீலம், தொட்டா போச்சு. அந்த நீலம் அப்டியே இருந்துச்சு, தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவு, கோழையே இல்ல. சின்ன தெர்மாகோல் துண்டு, ஒரு ரப்பர் பேண்ட், அஞ்சு பைசா பெறாத சாமான், ஆனா அதை ஒரு ஆள் உக்காந்து கத்தியால வெட்டி ஓட்டை போட்டு மாட்டிருக்காங்களே, அது எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஃப்ராக் வெட்டுன இடத்துல சதை மூடி ப்ளக் மேல லேசாப் படர ஆரம்பிச்சிருந்துச்சு, அதாவது வெட்டிப் பல வாரம் ஆற விட்டு அப்புறம்தான் அனுப்பிருக்காங்க. நேத்து வெட்டி இன்னைக்கு அனுப்புறவங்களும் உண்டு, பச்சைப் புண்ணோட போற கோரல் வழியிலயே பாதி செத்துரும்.

வீட்டுக்கு வந்ததும் லைட்டை அணைச்சிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். இருட்டுல இருந்து வர்றதுக்குப் பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சா தாங்காது. பையை மூடுனபடியே டேங்க்ல இருபது நிமிஷம் மிதக்க விட்டு வெப்பம் சமமாக்கினேன். நிறைய பேரு பையைத் திறந்து மணிக்கணக்கா சொட்டுச் சொட்டா டேங்க் தண்ணி விடுவாங்க, நீண்ட பயணம் வந்த பைக்கு அது வேண்டாம். மூடுன பையில கார்பன் டை ஆக்ஸைடு சேந்து பிஹெச் இறங்கியிருக்கும், அந்த நிலைல கழிவு பெரும்பாலும் அமோனியமா இருக்கும், ரொம்ப விஷம் இல்ல. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்ஸைடு வெளிய போய் பிஹெச் ஏறும், அதே கழிவு அமோனியாவா மாறும், அதுதான் விஷம். திறந்துட்டா அந்தத் தண்ணில வச்சிருக்கக் கூடாது. அவங்க தண்ணியோட உப்பு அளவு (அடர்த்திக் கணக்குல) 1.025, என்னோடதும் 1.025, போன்லயே பேசி வச்சதால கவலை இல்லாம நேரா டிப்புக்கு, அதாவது பூச்சி போக மருந்துத் தண்ணில முக்கி அலசுறதுக்குப் போயிட்டேன்.

டிப் பண்றதை எந்தக் கடையா இருந்தாலும் விடாதீங்க. தனி வாளில டேங்க் தண்ணி எடுத்து கோரல் டிப் மருந்து அளவாக் கலந்து, டர்க்கி பேஸ்டரால (ரப்பர் குமிழ் வச்ச உறிஞ்சு குழாய்) மெதுவா ஊதி ஊதி அலசணும். அக்ரோவைத் தின்னுற தட்டைப்புழு, மான்டிபோராங்கிற கோரலைத் தின்னுற நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), ஸோவாஸ் தின்னுறது வேற, எல்லாம் அந்தக் கோரல் கலர்லயே ஒட்டிக்கிட்டிருக்கும், கண்ணுக்கே தெரியாது, ஊதுனா உதிரும். மருந்துக்கு அதுங்க முட்டை சாகாது, அதனால முடிஞ்சா ப்ளக்கை வெட்டிட்டுப் புதுசுல ஒட்டுங்க. எனக்கு ஒரு ப்ளக் அடியில கோரலுக்குத் தொல்லை தர்ற வெர்மெட்டிட் நத்தையோட குழாய் ஒண்ணு இருந்துச்சு, இடுக்கியால உடைச்சு எடுத்துட்டேன். அந்தப் பண்ணை மேல என் குறைன்னு பாத்தா இது ஒண்ணு. ஸோவாஸ், அதோட இனமான பாலிதோவா தொடும்போது கட்டாயம் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. சிலதுல பாலிடாக்ஸின்னு கடுமையான விஷம் இருக்கு, அழுத்துனா சில சமயம் தண்ணியைப் பீச்சும். கையில வெட்டுக்காயம் இருந்தா தொடவே கூடாது, ஸோவாஸ் ஒட்டுன கல்லை யாரும் கொதிக்க வைக்கக் கூடாது, அந்த ஆவியை மோந்து ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க. குழந்தைங்க இருக்குற வீட்டுல இதை முதல்ல சொல்லிக் குடுங்க.

அன்னைக்கு ராத்திரி எட்டரை மணி இருக்கும், நீல லைட் மட்டும் எரியுது, பையன் கத்துறான், "அம்மா ஓடி வா"ன்னு. டார்ச்சுல ஒரே ஒரு விரல் மட்டும் வெளிய வந்திருக்கு, பச்சைத் தண்டு, நுனில மஞ்சப் பொட்டு, தண்ணி ஓட்டத்துல மெதுவா ஆடுது. நாங்க மூணு பேரும் தரையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தோம், பத்து மணிக்குள்ள பாதி விரிஞ்சிருச்சு. எங்க வீட்டுக்காரர் முதல் பெட்டி வந்தப்ப "இனிமே இது வேண்டாம்மா, நீ அழுறதை என்னால பாக்க முடியல"ன்னு சொன்னவரு, அன்னைக்கு அவரே "அடுத்து எது வாங்கலாம்"னு கேட்டாரு.

ஹீட் பேக் பத்தித் தனியாச் சொல்லணும், ஏன்னா அதைப் பத்தித்தான் ரொம்பத் தப்பா நினைச்சுக்கிட்டிருந்தேன். உள்ள இருக்குறது இரும்புத் தூள், உப்பு, கரி, வெர்மிகுலைட். இரும்பு துருப்பிடிக்கும்போது சூடு வரும், துருப்பிடிக்கக் காத்து வேணும். மூடியில ஓட்டை இல்லாம சுத்தி டேப் போட்டு அடைச்சா அது மூச்சு முட்டி அணைஞ்சிடும். கேட்டு நம்பாம நானே பண்ணிப் பாத்தேன். அந்த ஃப்ளோரிடா பெட்டியை விடச் சின்னதா, அதே தடிமன்ல ரெண்டு தெர்மாகோல் பெட்டி, ரெண்டுலயும் ஒன்றரை லிட்டர் உப்புத்தண்ணி 25 டிகிரில பையில கட்டி, ஆளுக்கு ஒரு 40 மணி நேர ஹீட் பேக், ராத்திரி முழுக்க கராஜ்ல, அங்க 8 டிகிரி. ஒண்ணுக்கு மூடியில ஓட்டை, ஒண்ணுக்கு ஓட்டை இல்லாம சுத்தி டேப். காலைல ஓட்டை போட்டதுல தண்ணி 21 டிகிரி, அடைச்சதுல 14. பேக் ரெண்டும் ஒரே பாக்கெட்ல வந்தது, ஓட்டைதான் வித்தியாசம். இன்னொண்ணும் தெரிஞ்சுது, கராஜ் 8 டிகிரிக்கே நல்ல பெட்டில 21க்கு இறங்கிருச்சுன்னா வெளிய மைனஸ் 18ல வண்டில கிடந்தா என்ன ஆகும்? அந்தக் குளிருக்கு எந்த ஹீட் பேக்காலும் ஈடு குடுக்க முடியாது, அது வெப்பம் இறங்குறதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அவங்க ஏன் அந்த வாரம் அனுப்ப மாட்டேன்னாங்கன்னு அன்னைக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது. ஹீட் பேக்கை உறையைப் பிரிச்ச உடனே பெட்டில போடாம ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வச்சு நல்லா சூடேறினதும் ஒட்டணும். ஒரு பெட்டில ஒரே ஒரு ஃப்ராக் வாங்குறதை விட எட்டு பத்து சேத்து வாங்குனா தண்ணி அதிகம், வெப்பம் மெதுவாத்தான் இறங்கும், ஷிப்பிங் காசும் பிரிஞ்சு போகும்.

இந்த மூணாவது பெட்டிக்கு ஷிப்பிங் 50 டாலர் ஆச்சு. அதிகம்தான், ஆனா முதல் பெட்டிக்கு 30 டாலர் குடுத்து ஆறு கோரலைக் குப்பையில போட்டேன். தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும் இவ்வளவு சேருறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அதை அவங்க மாத்துனா சந்தோஷப்படுவேன். இப்போதைக்குப் பெட்டியைத் தூக்கிப் போடாம வச்சிருக்கேன், இங்க ஃப்ராக் மாத்திக்கிற கூட்டம் நடக்கும்போது எடுத்துட்டுப் போவேன்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு, தயவுசெஞ்சு இதைப் பாத்துட்டு அங்க ஹார்ட் கோரல் தேடி வாங்காதீங்க. இந்தியாவுல இந்த ஹார்ட் கோரல், அதாவது கல்லுப் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வரும், 2001ல சேத்தாங்க, வாங்குறதும் விக்குறதும் குற்றம். நான் தூத்துக்குடிக்காரி. எங்க பக்கம் ஒரு காலத்துல பவளக்கல்லை வண்டி வண்டியா எடுத்து சுண்ணாம்பு சுட்டாங்க, வீடு கட்டினாங்க, எங்க ஆச்சி வீட்டுச் சுவத்துலயே அந்தக் கல்லு பூப்பூவாத் தெரியும், நான் விரலை விட்டு விளையாடிருக்கேன், அது ஒரு உயிரோட எலும்புன்னு யாரும் சொல்லித் தரல. மன்னார் வளைகுடாவுல 21 தீவைச் சேத்து 1986ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. இப்ப தூத்துக்குடியிலயே சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க உடைஞ்ச பவளத் துண்டை எடுத்து கடலுக்கு அடியில கட்டி வச்சுத் திரும்ப வளக்குறாங்க. நாங்க ப்ளக்ல ஒட்டுற அதே ஃப்ராக் வேலைதான், ஆனா அவங்க கடலுக்கே திருப்பிக் குடுக்குறாங்க. அதை நினைச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு.

போன மாசம் இண்டியானாபோலிஸ்ல இருக்குற ஒரு தோழிக்கு என் ஸோவாஸ்ல இருந்து ஒரு துண்டு வெட்டி, மூணு வாரம் ஆற விட்டு, அந்த ஃப்ளோரிடா பெட்டிலயே, அவங்க செஞ்ச மாதிரியே டப்பால மாட்டி ரெட்டைப் பை போட்டு, மூடி ஓட்டை அடையாம பாத்து, ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். புதன்கிழமை காலைல பத்தே காலுக்கு அவ போட்டோ அனுப்பினா, டப்பாவுக்குள்ளயே ரெண்டு பாலிப் (பூ மாதிரி விரியுற ஒவ்வொரு தனி உயிர்) விரிஞ்சிருந்துச்சு.